ஊசி ஏன் கேட்கவில்லை

யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்றான நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் துறைக்கு வருகிற படகில் பெரியம்மாவின் மகனுக்கு வலிப்பு வந்தபோது எனக்கு 11 வயது. படகு துறையை விட்டு வெளிக்கிட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். அண்ணாவுக்கு அதற்கு முன்பும் நாலைந்து தடவை வந்திருக்கிறது, எல்லாம் ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கியவை, அதனால் பெரியம்மா முதலில் பதறவில்லை. யாரோ சாவிக்கொத்தைக் கைக்குள் திணித்தார்கள். படகின் மிசினடியில் கிடந்த இரும்புத் துண்டு ஒன்றும் வந்தது. ஒருவர் வாய்க்குள் துணியை வைக்கப் போனார். வலிப்பு நிற்கவில்லை. கடலில் ஒரு மணித்தியாலம், பிறகு புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் என்று யாழ்ப்பாணத்துக்கு வாகனத்தில் இன்னொரு மணித்தியாலத்துக்குக் கிட்ட. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், கேட்கவில்லை. இன்னொன்று போட்டார்கள், அதுவும் கேட்கவில்லை. கடைசியில் மயக்க மருந்து கொடுத்து, மூச்சுக்குக் குழாய் வைத்து, தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் அடக்கினார்கள்.

"அது சரியில்லாத ஊசி, தம்பி. பழசைப் போட்டுட்டாங்கள்." பெரியம்மா இதை வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் நம்பினேன். பிறகு வளர்ந்து, இந்த நோயைப் பற்றித் தேடித்தேடிப் படிக்கத் தொடங்கியபோதுதான் விளங்கியது, ஊசியில் பிழை இருந்திருக்கத் தேவையே இல்லை. ஊசி போய் வேலை செய்ய வேண்டிய இடம் அந்த இரண்டு மணித்தியாலத்துக்குள் மாறிப்போயிருந்தது. மாறியது மூளைக் கலங்களின் மேற்பரப்பு. இதைப் பெரியம்மாவுக்கு விளங்கப்படுத்திய மாதிரியே இங்கேயும் எழுதப் பார்க்கிறேன், ஏனென்றால் வலிப்பு உள்ள பிள்ளைகளின் வீடுகளில் இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் பல முடிவுகள் வேறு மாதிரி இருக்கும்.

மூளையில் ஒரு கலம் இன்னொரு கலத்தோடு இரசாயனத்தால் கதைக்கிறது. ஒரு கலம் இரசாயனத்தை விடும், அடுத்த கலத்தின் தோலில் அதை வாங்குகிற புரதங்கள் இருக்கும். அவற்றுக்கு ஏற்பிகள் என்று பெயர், நாங்கள் பள்ளிக்கூடத்தில் வாங்கிகள் என்று படித்தோம். நான் அவற்றைப் படலை என்று நினைத்துக்கொள்வேன். வீட்டு வேலியில் படலை இருக்கிற மாதிரி கலத்தின் சவ்வில் இந்தப் படலைகள் இருக்கின்றன, சரியான இரசாயனம் வந்து தொட்டால் திறக்கும், திறந்தால் அயன்கள் உள்ளே போகும். இதில் முக்கியமானவை இரண்டு வகை. குளுட்டமேற் என்ற இரசாயனம் திறக்கிற படலைகள் வழியே சோடியமும் கல்சியமும் உள்ளே போய்க் கலத்தைக் கிளர்த்தும். காபா என்ற இரசாயனம் திறக்கிற படலை வழியே குளோரைட்டு உள்ளே போய்க் கலத்தை அமைதிப்படுத்தும். மூளை முழுவதும் இந்த இரண்டுக்கும் இடையிலான இழுபறியில்தான் ஓடுகிறது. ஏராளமான கலங்கள் ஒரே நேரத்தில், ஒரே தாளத்தில், அடக்க ஆளில்லாமல் சுடத் தொடங்கினால் அதுதான் வலிப்பு.

வலிப்புக்கு முதலில் போடுகிற டயசெபாம், மிடாசோலம், லொராசெபாம் மாதிரியான மருந்துகள் எல்லாம் காபாப் படலையில்தான் வேலை செய்கின்றன. ஆனால் அவை தாமாகப் படலையைத் திறப்பதில்லை. காபா வந்து தட்டும்போது படலை இன்னும் அடிக்கடி திறக்கும்படி உதவுகின்றன, அவ்வளவுதான். அப்படியென்றால் படலையே இல்லாவிட்டால்?

அதுதான் நடக்கிறது. இந்தப் படலைகள் வேலியில் நட்டு வைத்த கப்புகள் மாதிரி நிலையானவை என்று வெகுகாலம் நினைத்தார்கள். உண்மையில் ஒவ்வொரு கலமும் தன் படலைகளை ஓயாமல் உள்ளே இழுத்துக்கொண்டும் திரும்ப வெளியே வைத்துக்கொண்டும் இருக்கிறது. சாதாரண நாளில் போவதும் வருவதும் சமமாக இருக்கும். வலிப்பு நிற்காமல் ஓடும்போது கலத்துக்குள் கல்சியம் பெருகுகிறது, அது கல்சினியூரின் என்ற நொதியத்தை எழுப்புகிறது, அந்த நொதியம் காபாப் படலையில் ஒட்டியிருக்கிற பொஸ்பேற்றைக் கழற்றிவிடுகிறது. அந்தப் பொஸ்பேற்தான் படலையை வெளியே பிடித்து வைத்திருந்த ஆணி. ஆணி கழன்றதும் படலை கலத்துக்குள் இழுபட்டுப் போகிறது. உள்ளே போனது கலத்தில்தான் இருக்கிறது, ஆனால் வெளியே நிற்கிற காபாவுக்கும் எட்டாது, இரத்த நாளத்தில் ஏற்றுகிற ஊசிக்கும் எட்டாது.

2005இல் லொஸ் ஏஞ்சலிசில் வாஸ்டர்லெய்ன் என்பவருடைய குழு எலிகளில் இதை எண்ணியே பார்த்தது. ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் ஒரு நரம்பிணைப்புக்குச் சராசரியாக 36 ஆக இருந்த வேலை செய்யும் காபா ஏற்பிகள், ஒரு மணித்தியாலம் வலிப்பு ஓடிய பிறகு 18 ஆகக் குறைந்திருந்தன. சரிபாதி. ஒரு மணித்தியாலம் என்பது எங்கள் படகுப் பயணத்தின் நேரம், இந்த எண்ணை முதல் முதலாக வாசித்தபோது அதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அதற்கு முன்னரே, 1997இல், கபூர், மக்டொனால்ட் என்ற இரண்டு பேர் வேறொரு பக்கத்தால் இதே இடத்துக்கு வந்திருந்தார்கள்: எலிக்கு வலிப்புத் தொடங்கி 10 நிமிடத்தில் டயசெபாம் கொடுத்தால் சின்ன அளவிலேயே நின்றுவிடுகிறது, 45 நிமிடம் கழித்துக் கொடுத்தால் ஏறத்தாழப் பத்து மடங்கு தேவைப்படுகிறது. அதே வகை எலி, அதே மருந்து, இடையில் போன 35 நிமிடம்தான் வித்தியாசம்.

இதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. காபாப் படலைகள் உள்ளே போகிற அதே நேரத்தில் மற்றப் பக்கத்தில் குளுட்டமேற் படலைகள், குறிப்பாக என்எம்டிஏ என்று சொல்லப்படுகிறவை, உள்ளேயிருந்து வெளியே வந்து கூடுகின்றன. அடக்குகிறவை குறைய, கிளர்த்துகிறவை கூட, வலிப்பு தன்னைத் தானே ஓட்டிக்கொள்கிற நிலைக்கு வந்துவிடுகிறது. முதலில் எது அதைத் தொடக்கியதோ அது இல்லாமல் போனாலும் வலிப்பு நிற்காது. கிணற்று மிசின் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் பண்ணின பிறகு கயிறு தேவையில்லை, அது மாதிரி. நீண்டுபோன வலிப்பில் சில டொக்டர்மார் கெற்றமினைக் கொடுப்பதற்குக் காரணமும் இதுதான், அது என்எம்டிஏ படலையை அடைக்கிற மருந்து. காபா பக்கம் பிடிக்க ஒன்றும் மிச்சமில்லாதபோது மற்றப் பக்கத்தால் பிடிக்கப் பார்க்கிறார்கள்.

அதனால்தான் 5 நிமிடம் என்ற கணக்கு வந்தது. முன்பெல்லாம் 30 நிமிடம் நிற்காமல் ஓடினால்தான் தொடர் வலிப்பு என்று சொன்னார்கள். உலக வலிப்பு நோய் எதிர்ப்புச் சங்கம் 2015இல் அதைப் பிரித்து வைத்தது: உடம்பு முழுவதும் இழுக்கிற வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால் அது தானாக நிற்கும் என்று நம்பிக் காத்திருக்கக் கூடாது, சிகிச்சை தொடங்க வேண்டும். 30 நிமிடத்தைத் தாண்டினால் நீண்டகாலப் பாதிப்பு வரக்கூடும். பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடத்துக்குள் தாமாக அடங்கிவிடுகின்றன, 5 நிமிடம் தாண்டியது என்றால் அடக்குகிற ஏற்பாடு தோற்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். முதல் மருந்துகள் கேட்காமல் போனவர்களுக்கு அடுத்து எதைக் கொடுப்பது என்று அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வு நடந்து 2019இல் முடிவு வந்தது. லெவெற்றிரசெற்றம், பொஸ்பெனிற்றொயின், வால்புரோவேற் என்ற மூன்றையும் ஒப்பிட்டார்கள், மூன்றுமே ஏறத்தாழப் பாதிப் பேருக்குத்தான் கேட்டன. எது சிறந்தது என்பதைவிட முதல் ஊசி எத்தனையாவது நிமிடத்தில் போனது என்பதுதான் பெரிய விஷயம் என்று எனக்குப் படுகிறது.

சரி, இது ஒரு நாளில் நடக்கிற கதை. அண்ணா பிழைத்து வீட்டுக்கு வந்தார், படலைகளும் மெல்லமெல்லத் திரும்ப வெளியே வந்திருக்கும். ஆனால் அந்த வருடத்துக்குப் பிறகு அவருக்கு வலிப்பு முன்பைவிட அடிக்கடி வரத் தொடங்கியது, ஒரு மருந்தோடு நின்றது இரண்டு மருந்தாகியது. இதற்கு வேறு காரணங்களும் இருக்கலாம், ஒரு மனிதரை மட்டும் பார்த்து எதையும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நீண்ட வலிப்புக்குப் பிறகு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மூளையில் என்ன நடக்கிறது என்று பார்த்தவர்கள் கண்டது இதை.

காபாப் படலை ஒரே மரத்தில் செய்தது இல்லை, ஐந்து துண்டுகளைச் சேர்த்துச் செய்தது. கலத்திடம் இந்தத் துண்டுகளில் பல வகை இருக்கின்றன, எந்த ஐந்தைச் சேர்க்கிறது என்பதைப் பொறுத்துப் படலையின் குணம் மாறும். சாதாரணமாக அல்பா-1 என்ற துண்டு நிறைய இருக்கும், டயசெபாம் அதன் ஓரத்தில்தான் போய் உட்காரும். 1998இல் புரூக்ஸ்-கயால் என்ற டொக்டரின் குழு, நீண்ட வலிப்புக்கு உள்ளான எலிகளின் ஹிப்போகாம்பஸ் கலங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தபோது அல்பா-1 குறைந்து, அந்த இடத்துக்கு அல்பா-4 கூடியிருப்பதைக் கண்டது. அல்பா-4 உள்ள படலை காபாவுக்குத் திறக்கும், ஆனால் டயசெபாமை அது கணக்கெடுக்காது. இன்னொன்று, இந்தப் புதிய படலைகளைத் துத்தநாகம் இலகுவில் அடைத்துவிடும், அந்த இடத்து நரம்பு நுனிகளில் துத்தநாகமும் இருக்கிறது. என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொரு விஷயம்: எலிகளுக்குத் தானாக வலிப்பு வரத் தொடங்குவதற்கு முன்பே இந்த மாற்றம் வந்துவிட்டிருந்தது. வெளியில் பார்த்தால் எலி சுகமாகிவிட்ட மாதிரி ஓடித்திரிகிறது, உள்ளே கலம் வேறு பலகையில் படலை செய்யத் தொடங்கிவிட்டது.

குளோரைட்டின் கதை இன்னும் விசித்திரம். காபாப் படலை திறந்தால் குளோரைட்டு உள்ளே வரும் என்று மேலே சொன்னேன். அது உள்ளே வருவதற்குக் காரணம் உள்ளே குறைவாக இருப்பது. குறைவாக வைத்திருக்க ஒரு பம்பு ஓயாமல் இறைத்துக்கொண்டிருக்கிறது. வலிப்புகளுக்குப் பிறகு இந்தப் பம்பு குறைந்துபோவதை எலிகளில் கண்டிருக்கிறார்கள். மாரியில் வளவு முழுக்க வெள்ளம் நிற்கும்போது படலையைத் திறந்துவிட்டால் தண்ணீர் றோட்டுக்குத்தானே ஓடும், அது மாதிரி உள்ளே குளோரைட்டு தேங்கிய கலத்தில் படலை திறந்தால் குளோரைட்டு வெளியே ஓடுகிறது. விளைவும் தலைகீழ், அமைதிப்படுத்த வந்த காபா கிளர்த்திவிட்டுப் போகிறது. இது எலியோடு நிற்கிற விஷயம் இல்லை. மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ளவர்களிடம் அறுவையில் எடுத்த மூளைத் திசுவைப் பாரிஸில் ஆராய்ந்தவர்கள், சில கலங்களை காபாவே கிளர்த்துகிறது என்று 2002இல் காட்டினார்கள். பிறந்த குழந்தைகளில் இந்தப் பம்பு இயல்பாகவே இன்னும் வளராமல் இருக்கிறது, பச்சைக் குழந்தையின் வலிப்புக்கு, காபாப் படலையில் வேலை செய்கிற பீனோபார்பிற்றோன் என்ற மருந்து பல நேரம் சரியாகக் கேட்காததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறார்கள்.

இங்கே ஒரு பழைய பரிசோதனையைச் சொல்ல வேண்டும். 1960களில் கனடாவில் கிரஹாம் கொடார்ட் என்பவர் எலிகளின் மூளைக்குள் மெல்லிய கம்பி வைத்து மின் கொடுத்துக் கற்றலைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். கொடுத்த மின் மிகச் சின்னது, முதல் நாள் எலிக்கு ஒன்றும் நடக்காது. நாளுக்கு ஒரு தடவை அதே அளவைத் திரும்பத் திரும்பக் கொடுத்தபோது முதலில் முகம் துடித்தது, பிறகு தலை ஆடியது, சில வாரங்களில் அதே சின்ன மின்னுக்கு முழு வலிப்பு வந்தது. அதைவிட ஆச்சரியம், பிறகு நீண்டகாலம் மின்னே கொடுக்காமல் விட்டுவிட்டு ஒருநாள் திரும்பக் கொடுத்தால் அன்றைக்கே முழு வலிப்பு. மூளை மறக்கவில்லை. 1967இல் அவர் இதை வெளியிட்டார், நெருப்பு மூட்டுவது என்று பொருள்படும் பெயர் இதற்கு வந்தது. எங்கள் அடுப்படியில் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும், பன்னாடையில் பிடித்த நெருப்பு கொக்கரைக்குத் தாவி, கொக்கரையில் இருந்து விறகுக்குப் போகும். வித்தியாசம் என்னவென்றால் அடுப்பை அணைத்தால் விறகு ஆறிவிடும், இங்கே விறகே மாறிப்போகிறது. என்எம்டிஏ படலையை அடைக்கிற மருந்தைக் கொடுத்துக்கொண்டு மின் கொடுத்தால் இந்த மூட்டம் வெகுவாகத் தாமதமாகிறது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். ஞாபகம் பதிவதற்கும் இதே என்எம்டிஏ படலைதான் வேண்டும். பாடம் படிக்கிற அதே வழியால் மூளை வலிப்பையும் படித்துவிடுகிறது என்று இதைச் சொல்லலாம், இதை எழுதும்போதுகூட எனக்கு நெஞ்சு கொஞ்சம் கனக்கிறது.

இதுவரை வாசித்த ஒரு தாய்க்கு, பிள்ளைக்கு வந்த ஒவ்வொரு வலிப்பும் மூளையைக் கெடுத்துவிட்டதோ என்று வயிறு கலங்கும். தயவு செய்து அடுத்த பகுதியையும் வாசியுங்கள்.

ஒரு வலிப்பு அடுத்த வலிப்புக்கு வழி வெட்டுகிறது என்ற கருத்து புதியது இல்லை, இலண்டனில் இருந்த கவர்ஸ் என்ற டொக்டர் 1881இலேயே சொன்னது. ஆனால் மனிதரில் அது எவ்வளவு உண்மை என்று பார்க்கப்போனால் கதை அவ்வளவு நேராக இல்லை. முதல் வலிப்பு வந்த உடனே மருந்து தொடங்குவதா, பொறுத்திருந்து பார்ப்பதா என்று பிரித்தானியாவின் தலைமையில் நடந்த ஆய்வின் முடிவு 2005இல் வந்தது. உடனே தொடங்கியவர்களுக்கு முதல் ஒன்றிரண்டு வருடத்தில் வலிப்பு குறைவு. ஆனால் சில வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பகுதியினரிலும் வலிப்பில்லாமல் இருந்தவர்கள் கிட்டத்தட்ட ஒரே அளவு. கென்யாவிலும் எக்குவடோரிலும் வருடக்கணக்காக மருந்தே காணாமல் வலிப்போடு வாழ்ந்தவர்களுக்கு மருந்து கொடுத்துப் பார்த்தபோது ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வலிப்பு நின்றது, புதிதாக வந்தவர்களில் முதல் மருந்துக்கு நிற்கிற அளவுதான் அது. எலியின் மூளையில் நாளுக்கு நாள் மூட்டின நெருப்பு மாதிரி எல்லா மனிதரிலும் நடந்திருந்தால் இவர்களுக்கு மருந்து கேட்டிருக்கவே கூடாது.

மற்றப் பக்கமும் இருக்கிறது. கிளாஸ்கோவில் 2000இல் வெளியான ஆய்வில், மருந்து தொடங்குவதற்கு முன் 20க்கு மேற்பட்ட வலிப்பு வந்தவர்களில் பாதிப் பேருக்கு மருந்தால் அடங்கவில்லை, அதைவிடக் குறைவாக வந்தவர்களில் அடங்காதவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. நிறைய வலிப்பு வந்ததால் மருந்து கேட்கவில்லையா, அல்லது தொடக்கத்திலேயே முரட்டு நோயாக இருந்ததால் நிறைய வந்ததா என்பதை இந்த எண் பிரித்துச் சொல்லாது. என் விளக்கம் இது: ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக அடங்குகிற வலிப்பு ஒவ்வொன்றும் மூளையை நிரந்தரமாக மாற்றுகிறது என்று பயப்பட ஆதாரம் இல்லை. நீண்டுபோகிற வலிப்பு ஏற்பிகளை மாற்றுகிறது என்பதற்கு ஆதாரம் தாராளமாக இருக்கிறது. பயப்பட வேண்டியது எண்ணிக்கையைவிட நீளத்துக்கு. காய்ச்சலில் வருகிற வலிப்புக்கும் இதேதான், 6 மாதத்துக்கும் 5 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்கு வரும், சில நிமிடத்தில் நின்ற சாதாரணக் காய்ச்சல் வலிப்பு என்றால் பெரும்பாலான பிள்ளைகள் ஒரு குறையும் இல்லாமல் வளர்ந்துவிடுவார்கள்.

எங்கள் மண்ணில் இன்னொரு வகையினர் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றிக் கதைப்பது குறைவு. தலையில் சன்னம் பட்டு, எறிகணைத் துண்டு ஏறி, காயம் ஆறி, வீடு வந்து, வருடங்கள் கழித்து ஒருநாள் கடைத்தெருவில் விழுந்து இழுத்தவர்கள். இது ஏன் பிந்தி வருகிறது, அப்போதே வந்திருக்க வேண்டாமா என்று கேட்கிற வீட்டாரை நான் பார்த்திருக்கிறேன், செய்வினை என்று நம்பிக் கோயில் கோயிலாகத் திரிந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். வியட்நாம் போரில் தலைக்குள் ஊடுருவிய காயம் பட்ட அமெரிக்கப் படையினரை நீண்டகாலம் பின்தொடர்ந்து பார்த்ததில், 15 வருடத்துக்குள் பாதிக்குச் சற்று மேற்பட்டோருக்கு வலிப்பு வந்திருந்தது. காயத்துக்கும் முதல் வலிப்புக்கும் இடையில் சும்மா போன மாதிரி தெரிகிற அந்தக் காலத்தில்தான் படலைத் துண்டுகள் மாறுவதும், பம்பு குறைவதும், நரம்பு நார்கள் புதுப் பாதையில் முளைப்பதும் நடக்கின்றன. இந்த மாற்றத்தைத் தடுக்கிற மருந்து இன்றுவரை இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தலையில் அடிபட்டவர்களுக்கு முன்கூட்டியே பெனிற்றொயின் கொடுத்துப் பார்த்தார்கள், 1990இல் முடிவு வந்தது, முதல் கிழமையில் வருகிற வலிப்பைத்தான் அது தடுத்தது, பிறகு வரப்போவதைத் தடுக்கவில்லை. எங்களிடம் இருக்கிற மருந்துகள் வலிப்பை அடக்குகின்றன, மூளை வலிப்புக்குப் பழகுவதை நிறுத்துவதில்லை. இப்போது தலையில் அடிபடுவது குறைவு என்று சொல்லவும் முடியாது, ஹெல்மெற்றைக் கையில் கொழுவிக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓடுகிற பெடியன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வியட்நாம் எண்தான் ஞாபகம் வரும்.

அப்புறம் குளிசை. கிளினிக்கில் தருகிற குளிசையை ஒழுங்காகப் போட்டால் பத்தில் ஏழு பேர் வலிப்பில்லாமல் வாழலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் குளிசையை நிறுத்துவதற்கு எங்களிடம் காரணங்களுக்குக் குறைவில்லை. கந்தசஷ்டி ஆறு நாள் விரதம், வெறும் வயிற்றில் குளிசை போடக் கூடாது என்று விடுவது. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் விடிய எழும்பி, இரவு பிந்தி வந்து, வேளை தவறுவது. உயர்தரப் பரீட்சைக்கு விடிய விடியப் படிக்கும்போது நித்திரை வருகிறது என்று இரவுக் குளிசையைத் தள்ளிப்போடுவது, நித்திரை குறைவே வலிப்பைத் தூண்டும் என்றிருக்க அதோடு குளிசையும் இல்லை. பொம்பிளைப் பிள்ளைக்குக் கலியாணம் பேசும்போது யாரும் காணக்கூடாது என்று குளிசை டப்பாவை ஒளித்து வைத்து, கலியாண வீட்டுக் கிழமையிலேயே நிறுத்திவிடுவது. போர்க்காலத்தில் பாதை பூட்டி மருந்து வராமல் நின்றவர்களும், 2022 பொருளாதார நெருக்கடியில் கடை கடையாக அலைந்து கிடைக்காமல் நின்றவர்களும் வேறு, அவர்கள் கையில் எதுவும் இருக்கவில்லை.

இதற்கும் ஏற்பிக்கும் தொடர்பு இருக்கிறது. குளோபசாம், குளோனசெபாம், பீனோபார்பிற்றோன் மாதிரி காபாப் படலையில் வேலை செய்கிற மருந்தை நெடுநாள் எடுக்கும்போது கலம் அந்த மருந்தையும் கணக்கில் சேர்த்துத் தன் படலைகளை ஒழுங்குபடுத்திக்கொள்கிறது. மருந்து உதவும் என்ற எண்ணத்தில் அதன் சொந்த அடக்கும் பலம் இறங்கியிருக்கும். அந்த நேரத்தில் மருந்தை ஒரேயடியாக நிறுத்தினால், மருந்து தொடங்குவதற்கு முன் இருந்ததைவிடப் பலவீனமான நிலையில் மூளை நிற்கும், தொடர் வலிப்பு வருவதற்கு இது நன்றாகத் தெரிந்த காரணங்களில் ஒன்று. குறைக்க வேண்டுமென்றால் டொக்டர் சொல்கிற கணக்கில் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். வால்புரோவேற் எடுக்கிற இளம்பெண்கள் மட்டும் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும், அது கருவில் உள்ள பிள்ளையைப் பாதிக்கக்கூடியது, கலியாணப் பேச்சுத் தொடங்கும்போதே டொக்டரிடம் கேட்டு மாற்றலாமா என்று பார்ப்பது நல்லது, தாமாக நிறுத்துவது அதைவிட ஆபத்து.

வலிப்பு வந்தவருக்குப் பக்கத்தில் நிற்பவர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். முதலில் மணிக்கூட்டைப் பாருங்கள். சுற்றியுள்ள கூரானதை, நெருப்பை, தண்ணீரை விட்டு விலக்கி, தலைக்கடியில் சாரமோ சீலையோ மடித்து வைத்து, இழுப்பு அடங்கத் தொடங்கியதும் ஒரு பக்கமாகச் சரித்துவிடுங்கள், எச்சில் வெளியே வழியட்டும். வாய்க்குள் எதையும் வைக்க வேண்டாம், தண்ணீர் பருக்க வேண்டாம், கைகாலை அமத்திப் பிடிக்க வேண்டாம். சாவியால் நடப்பது ஒன்றுமில்லை, இரண்டு நிமிடத்தில் தானாக நிற்கப் போகிற வலிப்பு சாவி கையில் இருக்கும்போது நிற்கிறது, அவ்வளவுதான். சாவி தேடுகிற நேரத்தில் யாராவது இலங்கையில் 1990 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். 5 நிமிடம் தாண்டினாலும், ஒன்று முடிந்து நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலும், முதல் தடவை வந்தாலும் உடனே அழையுங்கள். தீவுகளிலும் தூரத்துக் கிராமங்களிலும் இருப்பவர்கள், நீண்ட வலிப்பு ஏற்கெனவே ஒரு தடவை வந்த பிள்ளை வீட்டில் இருந்தால், வீட்டிலேயே கொடுக்கக்கூடிய மருந்து ஏதும் தர முடியுமா என்று அடுத்த கிளினிக்கில் வாய்விட்டுக் கேளுங்கள். ஆஸ்பத்திரிக்கு வெளியே, அம்புலன்ஸிலேயே, தசையில் மிடாசோலம் போடுவது நன்றாக வேலை செய்கிறது என்று 2012இலேயே ஒரு பெரிய ஆய்வு காட்டிவிட்டது. இரத்த நாளம் தேடிக் குத்துகிற நேரம் அதில் மிச்சம்.

பெரியம்மாவிடம் இதையெல்லாம் ஒரு பின்னேரம், தேத்தண்ணி ஆறிப்போகிறவரைக்கும் இருந்து சொன்னேன். ஏற்பி என்ற சொல் அவருக்குப் பிடிபடவில்லை, படலை என்றதும் பிடித்துக்கொண்டார். "அப்ப அந்த டொக்டர் பாவம், அவரில பிழையில்லை" என்றார். பிறகு கன நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. கடைசியில், படகைத் திரும்ப நெடுந்தீவுக்கே விடச் சொல்லியிருக்கலாமோ, அங்கேயும் ஆஸ்பத்திரி இருந்ததுதானே, அப்போது துறையில் இருந்து வெகுதூரம் வரவில்லையே என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்குப் படகில் இருந்த யாருக்கும் இது தெரியாது பெரியம்மா என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த தடவை போனபோது அண்ணாவின் கட்டிலுக்கு நேரே சுவரில் புது மணிக்கூடு ஒன்று கொழுவியிருந்தது, வினாடி முள் பெரிதாகத் தெரிகிற மாதிரி. கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் பெரியம்மா பென்சிலால் கோடு கீறி, திகதியும் நேரமும் எழுதத் தொடங்கியிருந்தார். கடைசி வரியில் "1 நிமிடம் 40" என்று இருந்தது.